வடசென்னையில் களஆய்வு: கையெழுத்துக்கு முன்னால் சம்மதம் வாங்குவது எப்படி?
(ஒரு விவாத இழை. எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

#1 – கொசஸ்தலைக் கரை

எடுத்துக்காட்டாக ஓர் ஆய்வை நடுவில் வைத்துக்கொண்டு பேசலாம். எண்ணூர், கொருக்குப்பேட்டை, காசிமேடு மூன்றிலும் சேர்த்து 300 வீடு. வீட்டுக்கு ஒரு பெரியவர். அவருக்கு மூச்சுத்திறன் பரிசோதனை (குழாயில் பலமாக ஊதுவது), 5 எம்எல் ரத்தம், 40 நிமிடக் கேள்வித்தாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே. தகவல் தாள் நான்கு பக்கம். ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்கியது. அதிலிருந்து ஒரு வாக்கியம்:

"இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வத்தின் அடிப்படையிலானது, எந்நிலையிலும் எவ்விதப் பாதகமுமின்றித் தாங்கள் விலகிக்கொள்ளும் உரிமை பெற்றுள்ளீர்கள்."

வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் இதைப் படித்துக் காட்டினால், "சரிங்க, எங்க கையெழுத்து போடணும்?" என்பார். அந்தச் 'சரிங்க'வைச் சம்மதம் என்று கணக்கில் எழுதலாமா? கைநாட்டு, சாட்சி, ஊர்த் தலைவர் அனுமதி, கொடுக்கும் பணம், தெலுங்கு உருது பேசுகிறவர்கள், காது கேளாதவர்கள் என்று எல்லாவற்றுக்கும் செய்முறை வேண்டும். களக் கதைகளை வேறு இழைக்கு வைத்துக்கொள்வோம்.

#2 – பதினாலு பாயின்ட்

அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். 'தன்னார்வம்' என்ற சொல்லை மக்கள் கேட்டிருப்பது 'தன்னார்வலர்', 'தன்னார்வத் தொண்டு நிறுவனம்' என்ற இடங்களில்தான். வெள்ள நிவாரண வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் போல என்று புரிந்துகொண்டால் அவர்கள் மேல் தப்பில்லை. 'பாதகம்' என்றால் எந்தப் பாதகம்? பயம் எங்கே இருக்கிறதோ அதைப் பேர் சொல்லி எழுத வேண்டும்:

"இதுல சேர்றதும் சேராததும் உங்க இஷ்டம். வேணாம்னு சொன்னா ஆஸ்பத்திரியில பாக்குறது நிக்காது, ரேஷன் நிக்காது, மகளிர் உரிமைத்தொகை நிக்காது, வீட்டு ஒதுக்கீட்டுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. பாதியில போதும்னு தோணினா நிறுத்திக்கலாம். ஏன்னு கேக்க மாட்டோம்."

இதற்கு அடுத்த வரி இதைவிட முக்கியம்: "இது வைத்தியம் இல்ல. இதுல சேர்ந்தா உங்க இருமல் சரியாகாது." வெள்ளைக் கோட்டும் ரத்தக் குழாயும் ஊதுகிற கருவியும் ஒன்றாக வாசலில் வந்து நின்றால், சிகிச்சை வந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பில் கிடைக்கும் சம்மதம் வேறொரு விஷயத்துக்கான சம்மதம்.

சொல் தேர்வில் இன்னும் சில. 5 எம்எல் என்பதை 'ஒரு டீஸ்பூன் அளவு' என்று எழுதுங்கள். கையில் டீஸ்பூனைக் காட்டினால் இன்னும் நல்லது. 'ரகசியம் காக்கப்படும்' என்றால் ஏதோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். 'உங்க பேரு எதுலயும் வராது' என்பது போதும். உங்கள் ஆய்வில் ஆட்களை இரண்டு பிரிவாகப் பிரிக்கும் வேலை (ஒரு பிரிவுக்கு ஒரு மருந்து, மற்றதற்கு வேறு) இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: அப்படிப் பிரிப்பதைக் 'குலுக்கல் முறை' என்று எழுதாதீர்கள். குலுக்கல் சீட்டு பழகிய தெருவில் குலுக்கல் என்றால் ஒருவருக்குப் பரிசு, மற்றவருக்கு ஏமாற்றம். 'பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரி, யாருக்கு எதுன்னு நாங்களும் முடிவு பண்ண முடியாது' என்பது சரியாகப் போய்ச் சேரும்.

எழுத்து அளவு 14 பாயின்ட். ஒரு வாக்கியத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பு எண், தேதி. நெறிமுறைக் குழு (ஆய்வை முன்கூட்டியே பார்த்து அனுமதி கொடுக்கும் குழு) ஒப்புக்கொண்ட தமிழ்ப் பதிப்பும் கையில் இருப்பதும் ஒன்றுதான் என்பதற்கு அதுதான் சான்று.

மறுமொழிபெயர்ப்புச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மேலே இருக்கும் அந்தப் புத்தகத் தமிழ் வாக்கியத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் அச்சு அசலாக அதே ஆங்கிலம் வரும். பொருள் மாறவில்லை என்பதற்குத்தான் அது சான்று. கேட்பவருக்குப் புரிந்தது என்பதற்கு அது சான்றாகாது. அதற்கு ஒரே வழி, மாதிரியில் இல்லாத, அதே பகுதிக்காரர்கள் எட்டுப் பத்துப் பேரிடம் பத்தி பத்தியாகப் படித்து, "இதுல என்ன சொல்றாங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பது. எந்தப் பத்தியில் இரண்டு பேர் தடுமாறுகிறார்களோ அதைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

#3 – மணிக்கூண்டு

'புரிஞ்சுதா?' என்ற கேள்வியைப் பயிற்சியின் முதல் நாளே தடை செய்துவிடுங்கள். அதற்கு 'இல்லை' என்று சொல்ல ஒருவருக்கு மிகுந்த தைரியம் வேண்டும். அதற்குப் பதிலாக ஐந்து கேள்வி:

"நான் சரியா சொன்னேனான்னு தெரிஞ்சுக்கணும். நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்களேன்?"
"இன்னிக்கு உங்களுக்கு என்னென்ன பண்ணுவோம்? மறுபடி எப்ப வருவோம்?"
"இதுல உங்களுக்கு என்ன சிரமம் வரலாம்?"
"இப்ப வேணாம்னு சொன்னீங்கன்னா என்ன ஆகும்?"
"நீங்க சொல்றதை யார் யார் பாப்பாங்க?"

முதல் கேள்வியின் தொடக்கத்தைக் கவனியுங்கள். தேர்வு எழுதுவது ஆய்வாளர், எதிரில் இருப்பவர் மாணவர் இல்லை. நான்காவது கேள்விதான் உயிர். அதற்கு "ஒண்ணும் ஆகாது" என்று வந்தால் சரி. "கார்டு கட் ஆயிடும்", "டாக்டரம்மா கோச்சுப்பாங்க" என்று வந்தால் மீண்டும் விளக்க வேண்டும். இரண்டு முறை விளக்கியும் அதே பதில்தான் என்றால் அவரைச் சேர்க்கக் கூடாது. மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் குறையட்டும்.

மூன்றாவது கேள்விக்கு விடை தாளிலேயே இருக்க வேண்டும். பலமாக ஊதும்போது தலைசுற்றல் வரலாம், சரியாக வரும்வரை குறைந்தது மூன்று முறை ஊத வேண்டியிருக்கும், ஊசி குத்திய இடம் கன்றிப் போகலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஊதக் கூடாது என்பதையும் சம்மதப் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். ஆய்வால் ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை யார் கொடுப்பார்கள், இழப்பீடு உண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம்: ஒருவருக்கு 20 முதல் 25 நிமிடம். களப்பணியாளருக்கு ஒரு நாளைக்கு நாலு வீடு, மிஞ்சிப்போனால் ஐந்து. 'ஒரு ஃபார்முக்கு இவ்வளவு' என்று கூலி பேசியிருந்தால் நீங்கள் எழுதும் நெறிமுறை எல்லாம் வீண். மறுப்பு ஒவ்வொன்றும் அவருடைய பஸ் காசில் விழும்போது அவர் மறுப்பை எப்படி ஏற்பார்? நாள் சம்பளம் கொடுங்கள். கோபோ டூல்பாக்ஸில் (ஃபோனில் கேள்வித்தாள் நிரப்பும் மென்பொருள்) படிவம் வைத்திருந்தால் தணிக்கைப் பதிவை இயக்கிவையுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை நொடி நின்றார்கள் என்று தெரியும். சம்மதப் பக்கம் 40 நொடியில் முடிந்திருந்தால் அங்கே பேச்சு நடக்கவில்லை. இன்னொரு அடையாளம், ஒரு பகுதியில் நூற்றுக்கு நூறு பேரும் ஒப்புக்கொண்டார்கள் என்ற அறிக்கை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். யாருமே 'வேணாம்' என்று சொல்ல முடியாத நிலைமை ஏதோ இருந்திருக்கிறது.

#4 – ஃபைபர் போட்

நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஃபைபர் படகுக்காரர் விடியலுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். திரும்பி வந்து மீனை இறக்கி வலையை உதறிவிட்டு மதியம் தூங்குவார். அந்தத் தூக்கத்தில் எழுப்பினால் எதற்கும் 'சரி'தான். மீன் விற்கும் அக்கா காலையில் கூடையோடு போய்விடுவார். இரண்டு பேரையும் நிதானமாகப் பிடிக்க முடிவது மாலை 5 மணிக்குப் பிறகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்று சில குழுக்கள் அப்போது வருவதுண்டு. ஆனால் அப்போது கையில் காசும் இருக்காது. நீங்கள் கொடுக்கும் 300 ரூபாய் மற்ற மாதங்களில் கூலி ஈடு, தடைக்காலத்தில் அது தூண்டில்.

அடுத்து, குப்பத்துக்குள் போவதற்கு முன் ஊர் நிர்வாகத்திடம் பேசியே ஆக வேண்டும். பேசாமல் நேராக வீடு வீடாகப் போனால் இரண்டாவது வீட்டிலேயே நிறுத்துவார்கள், நிறுத்துவது நியாயமும்கூட. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகமெங்கும் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அப்படி ஒன்று நடந்தால் கேள்வித்தாளோடு வருகிறவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. முடிவைத் திரும்ப வந்து சொன்னவர் யார் என்பதுதான் ஊர் முதலில் கேட்கும் கேள்வி. அதற்குப் பதிலை வைத்துக்கொண்டு போங்கள்.

#5 – பி.ஆர்.என். கார்டன் பக்கம்

ஊர் நிர்வாகத்திடம் பேசுவது சரி. ஆனால் அது உள்ளே நுழைய அனுமதி, அவ்வளவுதான். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: சமூகத் தலைவரின் ஒப்புதல் தனிநபரின் சம்மதத்துக்கு மாற்று ஆகாது. நடைமுறையில் என்ன ஆகிறது? தலைவர் மைக்கில் "எல்லாரும் ஒத்துழைப்பு கொடுங்க" என்று சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம் மறுப்பது ஆய்வை மறுப்பது இல்லை, ஊர்ச் சொல்லை மீறுவது. அதனால் தலைவரிடம் கேட்க வேண்டியது இரண்டே வாக்கியம்: "நாங்கள் வருவது உங்களுக்குத் தெரியும்", "சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம்." இரண்டாவதையும் அவர் வாயாலேயே கூட்டத்தில் சொல்ல வைக்க வேண்டும். எந்த வீடு சேர்ந்தது, எது மறுத்தது என்ற பட்டியல் அவருக்குப் போகவே கூடாது. மறுத்த வீட்டிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பொதுவான தகவல் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டு வந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

மணலி, எண்ணூர் ஆலைப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். அங்கே தலைவர் என்பவர் மேஸ்திரி. அவர் மூலம் பத்து ஒடியா, பீகார் இளைஞர்களை வரிசையில் நிறுத்திவைத்துக் கையெழுத்து வாங்கினால், அந்தப் பத்தும் ஒரே ஆளின் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தங்கியிருக்கும் அறையில், அவர்கள் மொழி தெரிந்தவரோடு, மேஸ்திரி இல்லாதபோது பேச வேண்டும். ஊதும் கருவியில் வரும் எண் ஆலைக்குப் போகாது என்பதை எழுதியே கொடுக்க வேண்டும். நுரையீரல் பழுது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் வாய்ச்சொல் செல்லாது.

இன்னொன்று, இடம். கோயில் மண்டபத்தில் முகாம் போட்டால் யார் யார் வரமாட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அங்கன்வாடி, அல்லது பள்ளிக்கூட வகுப்பறை, பரவாயில்லை.

#6 – உப்புக்காத்து

கைநாட்டுக்குச் சாட்சி யார்? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாமா?

#7 – மணிக்கூண்டு

சாட்சி படிக்கத் தெரிந்தவராக, ஆய்வுக் குழுவைச் சேராதவராக, கட்டாயப்படுத்த முடியாதவராக இருக்க வேண்டும். கடைசி நொடியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கக் கூடாது. தகவல் தாளைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து முடிவுவரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சான்று சொல்வது ரேகைக்கு மட்டும் இல்லை, எழுதியிருப்பதுதான் சொல்லப்பட்டது, கேள்விக்குப் பதில் கிடைத்தது, விருப்பத்தோடு ஒப்புக்கொண்டார் என்பதற்கும் சேர்த்துத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் என்றால், காசநோய் பற்றியோ வீட்டுச் சண்டை பற்றியோ பேச்சு வரும்போது அவரே பெரிய ஓட்டை. "யாரு பக்கத்துல இருந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?" என்று கேளுங்கள், தேர்வு பங்கேற்பவருடையது. சாட்சி சம்மதப் பேச்சுக்கு மட்டும். கேள்வித்தாள் தொடங்கும்முன் அவர் எழுந்து போய்விட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வருடக்கணக்காக மீன் வெட்டிய கைக்கும் உப்பில் ஊறிய கைக்கும் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடைக் கருவியில் விழாத ரேகை உங்கள் மை பட்டையிலும் மங்கலாகத்தான் விழும். தொழுநோயால் விரல் போனவர்களும் இருக்கிறார்கள். படிவத்தில் 'பெருவிரல் ரேகை' என்ற ஒரே கட்டம் போடாமல், 'ரேகை / வேறு குறி / ஒலிப்பதிவு' என்று மூன்றும் வைத்து நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். களத்தில் போய் யோசிக்கக் கூடாது.

#8 – ஃபைபர் போட்

ஒலிப்பதிவு என்றதும் ஒரு மாற்றுக் கருத்து. கையெழுத்துக்குத்தான் எங்கள் பக்கம் அதிக பயம். மீட்டர் வட்டிக்காரன் வெற்றுத் தாளில் வாங்குவதும் கையெழுத்துதான், வீட்டைக் காலி செய்யச் சொல்லி வாரியம் வாங்குவதும் கையெழுத்துதான். கரையோரத்திலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியேற்றக் குடியிருப்புகளுக்குப் போன உறவினர் ஒருவராவது இல்லாத வீடு இங்கே குறைவு. வாய்மொழிச் சம்மதத்தையே எல்லோருக்கும் வைத்துவிட்டால் என்ன?

#9 – பதினாலு பாயின்ட்

கேள்வித்தாள் மட்டும் என்றால் கேட்டுப் பார்க்கலாம். கையெழுத்துத் தாளே ஆபத்து என்ற காரணத்தைக் காட்டினால் நெறிமுறைக் குழு வாய்மொழிச் சம்மதத்துக்கு இடம் கொடுக்க முடியும். ரத்தம் எடுக்கிறீர்கள் என்றால் எழுத்து ஆதாரம் கேட்பார்கள். பயத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. வெற்றுக் கட்டங்களோடு படிவத்தை நீட்டாதீர்கள். பெயர், தேதி எல்லாம் நிரப்பி, காலி வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ஆய்வாளர் முதலில் அவர் கண்முன்னே கையெழுத்துப் போடட்டும். இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. ஆதார் நகல் வாங்கவே வாங்காதீர்கள். அது எதற்கும் தேவையில்லை. வாங்கிய நொடியில் உங்கள் ஆய்வு ஒரு திட்டத்துக்கான விண்ணப்பமாகிவிடும். நிவாரணப் பட்டியலுக்கு நகல் கொடுத்துப் பழகியவர்கள் கேட்காமலே எடுத்து நீட்டுவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்து, "இது எந்தப் பட்டியலும் இல்லக்கா" என்று சொல்லவும் பயிற்சி வேண்டும்.

ஒலிப்பதிவிலும் குரலே ஓர் அடையாளம். சம்மதப் பதிவைப் பேட்டிப் பதிவோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள்.

#10 – உப்புக்காத்து

அவருக்கு ஒரு பிரதி என்ற விதியை யோசிக்காமல் பின்பற்றக் கூடாத இடமும் உண்டு. வீட்டு வன்முறை, எச்ஐவி பற்றிய ஆய்வில் அந்தத் தாள் புருஷன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? பெண்கள் மீதான வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட நெறிமுறையில் இதற்கு வழி இருக்கிறது: ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்பது, மற்றவர்களிடம் ஆய்வுக்குப் 'பெண்கள் உடல்நலம்' போன்ற பொதுப் பெயரே சொல்வது, உண்மையான பொருளை அந்தப் பெண்ணிடம் தனியாக இருக்கும்போது மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்குவது. ஒற்றை அறை வீட்டில் தனிமை எங்கே என்பீர்கள். அதனால்தான் இரண்டாவது கேள்வித்தாள் ஒன்றை, மாதவிடாய், சத்துணவு, தண்ணீர் லாரி மாதிரி விஷயங்களோடு, கையில் வைத்திருக்க வேண்டும். மாமியார் உள்ளே வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

#11 – பி.ஆர்.என். கார்டன் பக்கம்

காசு விஷயம். போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். தொகை நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். எப்போது கொடுக்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். கேள்வித்தாள் முடிந்த பிறகு 300 என்றால், பாதியில் எழுந்து போகிறவர் 300 ரூபாய் அபராதம் கட்டுகிறார். சம்மதம் கொடுத்ததும், ஊதுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆறாவது மாதச் சந்திப்புக்குத் தனித் தொகை. இரண்டையும் சேர்த்துக் கடைசியில் கொடுக்கும் ஏற்பாடு வேண்டாம்.

ஜிபேயில் அனுப்பினால் அவர் பெயர், எண், தேதி எல்லாம் யாரோ ஒருவரின் ஃபோனில் உட்கார்ந்துவிடும். ரொக்கம் என்றால் கணக்குப் பிரிவு பெயர், முகவரி, ஆதார் எண், கையெழுத்தோடு ரசீது கேட்கும். நீங்கள் சங்கேத எண் போட்டு மறைத்த 300 பேரின் முழுப் பட்டியலும் தணிக்கைக் கோப்பில் பளிச்சென்று இருக்கும். பணம் ஒதுக்கீடு ஆகும் முன்பே கணக்குப் பிரிவோடு பேசி, சங்கேத எண்ணும் ஆய்வாளர் சான்றும் உள்ள ரசீது போதும் என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்டால் 'விதியில் இடமில்லை' என்ற பதில்தான் வரும்.

#12 – கழிமுகம்

'உங்கள் தகவல் யாருக்கும் போகாது' என்று எல்லாத் தாளிலும் எழுதுகிறோம். அது பொய். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தால் அரசுக்கு அறிவித்தாக வேண்டும்; 2012 முதல் அது அறிவிக்க வேண்டிய நோய். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும், ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. இந்த இரண்டையும் கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். "எல்லாம் எங்களோடயே இருக்கும். ஆனா இந்த ரெண்டு விஷயம் தெரிஞ்சா நாங்க சொல்லித்தான் ஆகணும்." சொன்னால் சிலர் அந்தப் பகுதியில் வாய் திறக்க மாட்டார்கள். திறக்காமல் இருப்பது அவர்கள் உரிமை. மகளிர் குழுவில் எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசினாலும் இப்படித்தான்: வெளியே போகாது என்று நம் பக்கத்துக்கு மட்டுமே உறுதி கொடுக்க முடியும், மற்ற ஏழு பேருக்காக நாம் வாக்குக் கொடுக்க முடியாது.

ஜிபிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருப்பிடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர். அடுக்கடுக்காக வீடு இருக்கிற தெருவில் அது கிட்டத்தட்டக் கதவு எண். வரைபடத்துக்கு மூன்றோ இரண்டோ இலக்கம் போதும். கோபோ படிவத்தில் இருப்பிடம் தானாகப் பதிவாகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அறிக்கையில் 'முகத்துவாரக் குப்பம், 45 வயது, கணவரை இழந்தவர், மூன்று பெண் பிள்ளைகள்' என்று எழுதிவிட்டு 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று அடிக்குறிப்புப் போடுவது சிரிப்பு. அங்கே எல்லோருக்கும் அவர் யார் என்று தெரியும்.

நான் சொல்ல வந்தது இதைவிடப் பெரியது. உங்கள் படிவம் முழுக்கத் தனிநபருக்கு வரும் தீங்கைப் பற்றித்தான் பேசுகிறது. எண்ணூர் கழிமுகத்து மக்களின் ரத்தத்தில் ஈயம், பாதரசம் என்று செய்தி வந்தால் அடுத்த வாரம் சந்தையில் என்ன நடக்கும்? "எண்ணூர் மீனா? வேணாம்." இறால், நண்டு பிடிக்கிற குடும்பம் எல்லாமே அடிபடும். 300 பேர் கையெழுத்துப் போட்டார்கள். விலை இறங்குவது கையெழுத்துப் போடாத மற்ற வீடுகளுக்கும் சேர்த்து. இதற்குத் தனிச் சம்மதம் போதாது. ரத்தம் எடுக்கும் முன்பே ஊர்க் கூட்டத்தில், ஆண்கள் கூட்டம் ஒன்று, மீன் விற்கும் பெண்களின் கூட்டம் ஒன்று என்று தனித்தனியாக வைத்து, இந்த மாதிரி முடிவு வரலாம், வந்தால் முதலில் யாரிடம் சொல்வது, பத்திரிகைக்கு எப்போது, இடத்தின் பெயரைப் போடலாமா என்று பேசி, முடிவை எழுதிவைக்க வேண்டும். சிலர் பெயரைப் போடச் சொல்வார்கள். ஆலைக் கழிவுக்கு எதிராகப் பேச அதுதான் ஆதாரம் என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். அந்தச் சண்டையை நீங்கள் தீர்க்க முடியாது. ஆனால் அது நடக்காமல் நழுவிப் போவதும் முறையில்லை.

#13 – பதினாலு பாயின்ட்

கழிமுகம் சொன்னதோடு சேர்த்து: மிச்ச ரத்தம். 'எதிர்கால ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தலாம்' என்ற வரியைப் பொதுச் சம்மதத்துக்குள் நுழைக்காதீர்கள். அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 வாக்கில் சர்க்கரை நோய் ஆய்வு என்று நம்பிக் கொடுத்த ரத்தம், அவர்களுக்குத் தெரியாமல் மனநோய், இடப்பெயர்வு ஆய்வுகளுக்கும் போனது. 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பு சமரசம் செய்துகொண்டு மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தனித்தனிக் கட்டம் வையுங்கள்: இந்த ஆய்வுக்கு மட்டும், இதே நோய் பற்றிய வேறு ஆய்வுக்கு, எதற்கு வேண்டுமானாலும். மூன்றுக்கும் 'வேண்டாம்' என்ற கட்டமும் கூடவே.

நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2009–10-இல் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான) தடுப்பூசித் திட்டம். சிறுமிகளுக்கான 9,543 படிவங்களில் 2,763-ஐ விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள், 1,948-இல் கைநாட்டு. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இந்த எண்கள் வந்தன. படிவம் எல்லாம் வரிசையாக அடுக்கித்தான் இருந்தது.

#14 – உப்புக்காத்து

நாம் பேசும் இந்த ஆய்வில் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் ஒரு வரி: ஏழு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் மட்டும், 7–12-க்குப் பெற்றோர் முன்னால் பிள்ளையின் வாய்மொழி இசைவு, 12–18-க்கு எழுத்து இசைவு, பெற்றோர் கையெழுத்தோடு. பெற்றோர் 'சரி' சொல்லி, பிள்ளை தலையாட்ட மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

#15 – மணிக்கூண்டு

மொழி. கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெலுங்கில் படிவம் அச்சடித்துக் கொண்டுபோனால் பலருக்கும் பயன்படாது. பேசத் தெரியும், அந்த எழுத்தைப் படித்ததில்லை. பள்ளியில் படித்தது தமிழ். அவர்களுக்குத் தேவை அவர்கள் பேசும் தெலுங்கில் ஐந்து நிமிட ஒலிப்பதிவும் தமிழ்த் தாளும். வீட்டில் உருது பேசுகிறவர்களிடமும் முதலில் இதையே கேட்டுப் பாருங்கள்: "எதுல கேக்கணும், எதுல படிக்கணும்?" இரண்டும் தனித்தனிக் கேள்வி.

காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்தவராக. அவருடைய பத்து வயது மகளை மொழிபெயர்க்கச் சொல்வது இரண்டு பேருக்கும் அநியாயம். பார்வையற்றவருக்குத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பைத் திரைவாசிப்பான் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் படிக்கும். ஸ்கேன் செய்த படம் என்றால் வாயே திறக்காது. திருநங்கையர், திருநம்பியர் படிவத்தில் அவர்கள் அழைத்துக்கொள்ளும் பெயரிலேயே கையெழுத்திடலாம், அடையாள அட்டைப் பெயரைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. வயதான ஆயாவுக்குப் பக்கத்தில் மகன் உட்கார்ந்து அவருக்கு முன்னால் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். "அண்ணே, ஆயா சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிந்தவரைக் களப்பணிக்கு எடுங்கள்.

#16 – கொசஸ்தலைக் கரை

எல்லாவற்றையும் வைத்துத் தாளைத் திருத்தினேன். நான்கு பக்கம் இரண்டாயிற்று. கூடவே ஆறு நிமிட ஒலிப்பதிவு, தமிழிலும் தெலுங்கிலும். விலகுவதற்கான கடைசி நாள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மாதிரிகளின் பெயர்ப் பட்டியல் அழிக்கப்படும் தேதிவரை சொன்னால் தகவலையும் ரத்தத்தையும் எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. ஆறாவது மாதம் போகும்போது பழைய கையெழுத்தையே வைத்து ரத்தம் எடுக்காமல் ஐந்து கேள்வியையும் மறுபடி கேட்கிறோம். ஒன்றுதான் பாக்கி: விலக நினைக்கிறவர் யாரைக் கூப்பிடுவது?

#17 – பதினாலு பாயின்ட்

சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்பது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாசகம். ஆராய்ச்சிக்கு அதில் சில விலக்குகள் உண்டு, ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய மின்னஞ்சல் அனுப்பு என்றால் அது சுலபம் இல்லை.

பர்ஸில் வைக்கிற அளவில் ஓர் அட்டை. நோயின் பெயர் இல்லாத ஆய்வுப் பெயர், அவருடைய சங்கேத எண், இரண்டு தொலைபேசி எண். முதல் எண் ஆய்வுக்கென்றே வாங்கிய சிம். யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம், அவர் வேலை மாறினால் எண்ணும் போய்விடும். மிஸ்டு கால் கொடுத்தாலே திரும்பக் கூப்பிட வேண்டும், காலை 9 முதல் இரவு 8 வரை. "வேணாம்" என்ற ஒரு வார்த்தை போதும். இரண்டாவது எண் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருடையது, உங்கள் மேலேயே புகார் சொல்வதற்கு. அச்சடிக்கக் கொடுக்கும் முன் அந்த எண்ணை நீங்களே ஒருமுறை அடித்துப் பாருங்கள். சில தாள்களில் இன்னமும் ஃபேக்ஸ் எண்தான் இருக்கிறது.